மூன்று லாரி நீளம்

செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரித் துணி வரும். மற்ற நாளெல்லாம் லாட்ஜ் துணி. லாட்ஜ் துணியில் அழுக்கு கம்மி, உருப்படி அதிகம். ஆஸ்பத்திரித் துணி அப்படியில்லை. ஒவ்வொன்றையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் தொட்டியில் போட வேண்டும். இரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் கறை துணியோடு சேர்ந்து வெந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் போகாது.

இதையெல்லாம் மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தது புருஷன். கல்யாணமாகி வந்த புதிதில் சோப்புத்தூள் பட்டு அவள் கையெல்லாம் தோலுரிந்தது. இப்போது இருபத்துநாலு வருஷம் ஆகிவிட்டது. வண்டி ஓட்டுவது, துணி எடுத்து வருவது, கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. இரண்டு பெரிய சலவை மிஷினையும், ஆளுயர உருளை இஸ்திரியையும் மேய்ப்பது அவள் வேலை. மடிப்பது மாமியாருக்கு.

மாமியாருக்கு அறுபத்தொன்பது வயது. சோடா பாட்டில் அடிபோலத் தடித்த கண்ணாடி. அது இல்லாமல் தன் கையை நீட்டினால் விரல் எத்தனை என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். ஆனால் கை மட்டும் இளசு. நீளப் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு விலகி நிற்பார்கள், ஒரு உதறு உதறுவார்கள், நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள், மறுபடி விலகுவார்கள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு தடவை இப்படி நெருங்கியும் விலகியும் பேசிக்கொண்டிருந்ததில் இரண்டு பேருக்கும் நடுவே ஒளிவுமறைவு இல்லை என்றுதான் மருமகள் நினைத்திருந்தாள்.

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தொடர் போட்டார்கள். எட்டே வாரம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நிஜமாக நடந்த ஒரு கொலை வழக்கு. ஒரு மாவு மில்லில் மேற்பார்வையாளரை இரும்புத் தடியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். இரண்டு நாள் முன்னால் அவரோடு சண்டை போட்டிருந்த ஒரு மூட்டை தூக்கியைப் பிடித்தார்கள். பத்து மாதத்தில் தூக்கு. செய்தது அவனில்லை என்று அப்போதே பலபேர் பேசிக்கொண்டார்களாம். பேர்களை மட்டும் மாற்றி எடுத்திருந்தார்கள்.

தெருவே பார்த்தது. பக்கத்துத் தையல்கடைக்காரம்மா தன் டிவி சின்னது என்று இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வரும்போதே பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். விளம்பரம் வந்தால் பட்டன், கதை வந்தால் கண்ணீர்.

முதல் மூன்று வாரம் மாமியார் எதுவும் பேசவில்லை. சுவரோரம் உட்கார்ந்து பார்த்தாள். அவள் எப்போதுமே டிவி முன்னால் பேசுகிறவள் இல்லை.

நான்காவது வாரம் கோர்ட்டு காட்சி. மில் கேன்டீனில் டம்ளர் கழுவுகிற பத்தொன்பது வயதுப் பெண்தான் முக்கிய சாட்சி. அதற்கு முந்தின காட்சியில் இன்ஸ்பெக்டர் அவளைப் பாடாய்ப் படுத்துகிறார். மேஜையில் ஓங்கி அடிக்கிறார். அவள் தம்பியைக் கொண்டுபோய் அடைத்து வைக்கிறார். ‘அவனைத்தான் பார்த்தேன்னு சொல்லு, இல்லேன்னா உன் தம்பியை உயிரோட பாக்கமாட்டே’ என்கிறார். அந்தப் பெண் கோர்ட்டில் நடுங்கிக்கொண்டே கையை நீட்டிக் காட்டுகிறாள். கூண்டில் நிற்கிறவன் அவளையே பார்க்கிறான். அவள் மயங்கி விழுகிறாள்.

தையல்கடைக்காரம்மா மூக்கை உறிஞ்சினாள். “பாவம்டி அந்தப் பொண்ணு. அது என்ன செய்யும்? தம்பியைக் கொன்னுடுவேங்கிறான் பாவி.”

அப்போதுதான் சுவரோரமிருந்து மாமியார் சொன்னாள், யாரிடமும் இல்லாமல், விளக்கை அணை என்பது போல:

“கூண்டு அந்தப் பக்கம் இல்ல. சாட்சி நிக்கிற இடத்துக்கு இடது பக்கம்.”

சொல்லிவிட்டு எழுந்து, காயப்போட்ட துணியைப் பார்க்கிறேன் என்று பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை யார் துணி காயப்போட்டார்கள்? தையல்கடைக்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. மருமகளுக்கு மட்டும் என்னவோ போல இருந்தது.

மறுநாள் காலையில் லாட்ஜ் துணி. வெளியே தூறல். ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் உள்ளே ஆவியும் சோப்பு வாசனையும் நிறைந்து, சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் விரிப்பை எடுத்தார்கள்.

“அத்தை, நேத்து ஒண்ணு சொன்னீங்களே.”

“என்ன சொன்னேன்?”

“கூண்டு இடது பக்கம்னு.”

உதறினார்கள். நெருங்கினார்கள். மாமியார் தன் முனைகளை மருமகள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ கவனிச்சுட்டியா?”

“ம்.”

“உனக்குக் காது ரொம்பத்தான் கூர்மை.” மறுபடி விலகினார்கள். “எனக்குத் தம்பியே கிடையாது, அம்மாடி. கூடப் பொறந்தது ரெண்டும் அக்கா.”

மருமகள் கையிலிருந்து விரிப்பு நழுவியது. தரை ஈரம். துவைத்த துணி பாழ். மாமியார் ‘ச்சு’ என்றாள். அதைச் சுருட்டித் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“நீங்களா அத்தை?”

“நான்தான்.”

“அந்த மில்லு கேன்டீன்லயா?”

“ஒன்றரை வருஷம். டம்ளர் கழுவுற வேலை. பிடி, உதறு.”

மருமகள் வாய்க்கு வந்ததைக் கேட்டாள். “ரொம்ப மிரட்டினாங்களா?”

மாமியார் நின்றுவிட்டாள். விரிப்பு நடுவில் தொய்ந்தது.

“யாருமே மிரட்டலம்மா. அதுதான் விஷயம். டிவியில காட்டுறதெல்லாம் பொய். அந்த இன்ஸ்பெக்டர் தங்கமான மனுஷன். குரலை உசத்தி ஒரு வார்த்தை பேசல. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. பத்தொன்பது வயசு வரைக்கும் அடுத்தவங்க குடிச்ச டம்ளரைக் கழுவினவ நான். எனக்கு ஒருத்தர் டீ வாங்கிக் குடுத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாரு. ‘நீ சொல்றதுதாம்மா முக்கியம், நிதானமா சொல்லு’ன்னாரு. மில்லுல என்னை ‘ஏய்’னுதான் கூப்பிடுவாங்க.”

“அப்போ நீங்க நிஜமாவே பாத்தீங்களா?”

“பாத்தேன். ஒரு ஆளைப் பாத்தேன். கேன்டீன் பின் வாசல்ல கழுவின தண்ணியை ஊத்த வந்தேன். பொழுது சாயுற நேரம். எதிர்ல கிடங்கு. நடுவுல மூணு லாரி வரிசையா நிக்கிற அளவு தூரம். கிடங்கு கதவுலேர்ந்து ஒரு ஆள் வெளிய வந்து வேகமா போனான். உசரமான ஆளு. ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. அவ்வளவுதான் நான் பாத்தது.”

“அவ்வளவுதானா?”

“மூட்டை தூக்குறவன் எல்லாருக்குமே ஒரு தோள் இறங்கித்தான் இருக்கும். உசரமா யாரெல்லாம் இருக்காங்கன்னு கேட்டாரு. நாலு பேரு சொன்னேன். அதுல ரெண்டு பேரு அன்னைக்கு வேலைக்கு வரல. ஒருத்தன் ஆஸ்பத்திரியில. மிச்சம் இவரு. ‘இவரா இருக்குமா?’ன்னாரு. ‘இருக்கலாம்’னேன். போட்டோவைக் காட்டினாரு. அப்புறம் மறுநாள் வரச் சொல்லி மறுபடி கேட்டாரு. அப்புறம் வக்கீல் கேட்டாரு. பத்துத் தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த ஆளு கொஞ்சம் கொஞ்சமா என் பக்கம் திரும்பினான். பத்தாவது தடவை மூஞ்சி முழுசா வந்துடுச்சு. கோர்ட்டுல கை நடுங்கல எனக்கு. மயக்கமும் வரல. தெளிவா சொன்னேன். ஜட்ஜே பாராட்டினாரு.”

தூறல் வலுத்துத் தகரத்தில் அடிக்க ஆரம்பித்தது. மருமகள் இஸ்திரி மிஷினை அணைத்தாள். அந்த உறுமல் நின்றதும் அறை திடீரென்று பெரியதானது போல இருந்தது.

“அப்போ அது பொய்யில்லையே அத்தை. நீங்க நம்பித்தானே சொன்னீங்க.”

“நம்பித்தான் சொன்னேன். இருபத்திமூணு வயசு வரைக்கும் நம்பினேன்.” அவள் கண்ணாடியைக் கழற்றி மேல்துணியில் துடைத்தாள். கண்ணாடி இல்லாத அவள் முகம் யாரோ வேறொருத்தி முகம் மாதிரி இருந்தது. “கல்யாணமாகி ஆறு மாசம். தூரத்துல நின்னு கையாட்டினா பதிலுக்கு ஆட்டத் தெரியல, எதிர்ல வர்ற சொந்தக்காரங்களைக் கண்டா சிரிக்கத் தெரியலன்னு உங்க மாமனாருக்கு ஒரே குறை. திமிருன்னு நினைச்சிருக்காரு. அப்புறம்தான் சந்தேகம் வந்து கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. ஒரு வாரம் கழிச்சு கண்ணாடி வந்துச்சு. கடை வாசல்லயே மாட்டிக்கிட்டுத் தெருவைப் பாத்தேன். எதிர்ச் சாரியில ஒரு ஆள் நின்னு யார்கூடவோ பேசிக்கிட்டிருந்தாரு. அவருக்குப் புருவம் இருந்துச்சு, அம்மாடி. வாய் அசையறது தெரிஞ்சுது. அவ்வளவு தூரத்துல இருக்கிறவங்களுக்கு மூஞ்சி தெரியும்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். தூரத்துல இருந்தா மொட்டையாத்தான் தெரியும்னு.”

மருமகள் தொய்ந்து கிடந்த விரிப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“கழட்டிப் பாத்தேன். மூஞ்சி இல்ல. மாட்டினேன். இருக்கு. கழட்டினேன். இல்ல. அந்தத் தெரு மூணு லாரி நீளம்கூடக் கிடையாது. அங்கேயே உட்கார்ந்துட்டேன். உங்க மாமனாரு புதுக் கண்ணாடி, தலை சுத்துதுன்னு நினைச்சு சோடா வாங்கிட்டு வந்தாரு. அன்னைக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாள் யோசிச்சாரு. ‘அவரைத்தான் தூக்குல போட்டாச்சே, இனி யாருக்கு என்ன ஆகப்போகுது, வாயைத் திறக்காதே’ன்னாரு. நானும் திறக்கல.” கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “மிஷினைப் போடு. பத்து மணிக்கு வண்டி வந்துடும்.”

அதற்கப்புறம் நாலு வாரம் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாமியார் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். தையல்கடைக்காரம்மா அந்தக் கேன்டீன் பெண்ணுக்காக இரக்கப்பட்டு இரக்கப்பட்டே அரைத் துணிக்கட்டுப் பட்டன் தைத்து முடித்தாள். அவள் ‘பாவம் அந்தப் பொண்ணு’ என்று சொல்லும்போதெல்லாம் மாமியார் கால் கட்டைவிரலை மடக்குவதை மருமகள் பார்த்தாள். வைதிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள் போல. பாவம் என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

எட்டாவது வாரம் கதை முடிந்தது. கொன்றது யார் என்று கடைசி வரை சொல்லவில்லை. முடிந்தபிறகு ஒரு நிஜமான பெண்மணியைக் காட்டினார்கள். தூக்கில் போட்டவரின் மகள். ஐம்பத்திரண்டு வயது, நரைத்த தலை, புத்தகம் பைண்டு செய்கிற தொழில். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனபோது இரண்டு வயது. அவர் பேரில் இருக்கிற குற்றத்தை நீக்கச் சொல்லி இரண்டு தடவை மனுப் போட்டாளாம். புதிதாக ஏதாவது சாட்சியம் இருந்தால் கொண்டு வா என்று இரண்டு தடவையும் திருப்பிவிட்டார்களாம்.

“அந்தக் கேன்டீன்ல வேலை செஞ்ச அம்மா உயிரோட இருந்தா, இதைப் பாத்துக்கிட்டிருந்தா, ஒண்ணு சொல்றேன்” என்றாள் அவள், நேராகப் பார்த்து. “உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. உங்களை மிரட்டித்தான் சொல்ல வச்சாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்களும் என் அப்பா மாதிரிதான், மாட்டிக்கிட்டவங்க. ஒரே ஒரு தடவை வந்து நடந்ததைச் சொன்னா போதும்.”

கீழே ஒரு வக்கீலின் நம்பர் ஓடியது. “எவ்வளவு பெரிய மனசு பாரு” என்று சட்டைகளை வாரிக்கொண்டு கிளம்பினாள் தையல்கடைக்காரம்மா. மாமியார் எழுந்து டிவியை அணைத்தாள். மகன் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

“நான் போய்ச் சொல்லப்போறேன்” என்றாள் அவனிடம்.

“எங்க? என்ன சொல்ல?”

சொன்னாள். மருமகளிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. அவன் தட்டிலிருந்து கையை எடுக்கவுமில்லை, சாப்பிடவுமில்லை. கையில் இருந்தது காய்ந்துபோனது.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சே இத்தனை வருஷம்...” அவன் அப்பா எறும்பு மிதிபட்டாலும் ‘அடடா’ என்கிற மனிதர். செத்து ஒன்பது வருஷமாகிறது. மகனுக்கு அம்மா செய்ததைவிட அப்பா மூடி வைத்ததுதான் அதிகமாகக் குத்தியது என்று மருமகளுக்குத் தோன்றியது. அவன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். “உனக்கு?”

“நாலு வாரமா தெரியும்.”

“நல்லாருக்கு. வீட்ல நான்தான் கடைசி ஆளா?” எழுந்து கை கழுவிவிட்டு வந்து வாசற்படியில் நின்றான். “இப்பப் போய்ச் சொன்னா செத்தவர் எழுந்து வரப்போறாராம்மா?”

“வரமாட்டாரு.”

“பின்னே? தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? நாளைக்கு இந்தச் சலவைக்காரன் அம்மாதான் ஒருத்தனைத் தூக்குல ஏத்தினான்னு...”

“ஏத்தினேனே.”

“அம்மா!”

“என்னடா பண்றது, ஏத்தினேனே.”

அப்புறம் அவன் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். குரல் தணிந்திருந்தது. “சரி. போகணும்னா போவோம். நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேளு. டிவியில என்ன காட்டினாங்களோ அதையே சொல்லிடு. மிரட்டினாங்க, பயந்துட்டேன், சொல்லிட்டேன். அந்த இன்ஸ்பெக்டர் செத்து மண்ணாப் போயிருப்பாரு. அந்தப் பொண்ணும் அப்படித்தான் நம்புது. கோபமே இல்லங்குது. அவங்களுக்கும் வேலை ஆகும், உனக்கும் கெட்ட பேரு இல்ல. யாருக்கு நஷ்டம்?”

மருமகளுக்கு அது சரி என்றே பட்டது. வெட்கமில்லாமல் சொன்னால், அவளும் மனசுக்குள் அதைத்தான் நினைத்து வைத்திருந்தாள். மாமியார் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். கோபமாக அல்ல, சின்ன வயதில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு வந்து நிற்பானே, அப்போது பார்க்கிற மாதிரி.

“அன்னைக்குச் சொன்னேனே, அது பொய்னு எனக்குத் தெரியாதுடா. இன்னைக்குத் தெரிஞ்சே ஒண்ணு சொல்லச் சொல்றியா? அதுவும் நல்லது செஞ்ச ஆளு மேல?”

“அவரா நல்லது செஞ்சாரு? அவரு டீ வாங்கிக் குடுத்ததுலதானே வந்துச்சு எல்லாம்!”

“அதைத்தாண்டா சொல்லணும்” என்றாள் அவள்.

இரண்டு நாள் அவன் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. துணியைக் கொண்டுவந்து இறக்குவான், போய்விடுவான். மூன்றாம் நாள் காலையில் வண்டியின் பின்பக்கத்தைக் கழுவி, முன் இருக்கையில் ஒரு வெள்ளை விரிப்பை மடித்துப் போட்டிருந்தான். “அவங்க இடம் எங்கேன்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆகும். கிளம்புங்க” என்றான்.

பைண்டிங் அறை ஒரு அச்சகத்துக்குப் பின்னால் இருந்தது. நீளமான அறை. ஒரு பக்கம் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் அட்டை பிய்ந்து குவிந்து கிடந்தன. இன்னொரு பக்கம் தைத்து முடித்தவை கனத்த இரும்பு அழுத்தியில் நசுங்கிக்கொண்டிருந்தன. பசை வாசனை நெற்றியில் ஏறியது. மகன் உள்ளே வர மறுத்துவிட்டான். வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

டிவியில் பார்த்ததைவிட அவள் குள்ளமாக இருந்தாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்திருந்தது. இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். வக்கீல் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாரென்று தெரியும். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்தீங்களேம்மா. எவ்வளவு நாளா...”

“கையை விடும்மா” என்றாள் மாமியார். “முதல்ல கேட்டுட்டு அப்புறம் பிடி.”

சொன்னாள். டீயைச் சொன்னாள், நாற்காலியைச் சொன்னாள். தம்பி கிடையாது என்றாள். போட்டோவைச் சொன்னாள். கண்ணாடிக் கடை வாசலைச் சொன்னாள். எங்கேயும் குரல் உடையவில்லை, எதற்கும் சமாதானம் சொல்லவில்லை. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, தரையில் கிடந்த வெட்டுக் காகிதத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்தவள் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பேச்சு முடிந்ததும் பைண்டிங் அம்மா எழுந்து போய் அழுத்தியின் பிடியை ஒரு சுற்று இறுக்கினாள். இன்னொரு சுற்று. அதற்கு மேல் திரும்பாத வரைக்கும் இறுக்கினாள்.

“மிரட்டவே இல்லையா?”

“இல்ல.”

“ஒரு அடிகூட?”

“இல்லம்மா.”

“எங்கம்மா சொல்லும்” என்றாள் அவள், திரும்பாமலே. “கோர்ட்டுல அந்தப் பொண்ணைப் பாத்தேன், அது பொய் சொல்ற மூஞ்சி இல்லன்னு. என்னை வளர்த்த வரைக்கும் அதையேதான் சொல்லும். அப்பா செய்யலம்மான்னு நான் சொன்னா, ‘அந்தப் பொண்ணு அவ்வளவு தெளிவா சொல்லுச்சுடி’ங்கும். அப்பா ஜெயில்லேர்ந்து எழுதின லெட்டருக்கு ஒண்ணுக்குக்கூட பதில் போடல. பாக்கவும் போகல. வீட்ல அவரு போட்டோ கிடையாது. சாகிற வரைக்கும் எங்கம்மா உங்களைத்தான் நம்புச்சு.”

மாமியாரின் உடம்பு ஸ்டூலில் ஒரு பக்கமாகச் சரிவது போலிருந்தது. மருமகள் முதுகில் கை வைத்துத் தாங்கினாள். அதுவரை இருந்த அந்தத் திடம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவள் ஒரு உயிரைத்தான் கணக்கில் வைத்திருந்தாள். அது இப்படி ஒரு வீட்டுக்குள் புகுந்து, ஒரு பெண்டாட்டியைப் புருஷனுக்கு எதிரியாக்கி, லெட்டருக்குப் பதில் இல்லாமல் ஒருவனைத் தனியாகச் சாக விட்டிருக்கும் என்று யோசித்ததே இல்லை.

“இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?” என்று கேட்டாள் பைண்டிங் அம்மா. குரலில் ஈரம் வற்றியிருந்தது.

“போடுவேன். எங்க வேணா வந்து சொல்வேன்.”

“வக்கீல்கிட்ட நாளைக்கே போங்க. கண் டாக்டர் சர்டிபிகேட்டும் கேப்பாரு.” வாசல் பக்கம் கையைக் காட்டினாள். “நான் டிவியில சொன்னதை நீங்க மறந்துடணும். கோபம் இல்லேன்னு சொன்னேனே, அதை.”

“தெரியும்மா” என்று மாமியார் எழுந்தாள்.

வாசல் வரை போயிருப்பார்கள். “கொஞ்சம் நில்லுங்க” என்ற குரல் வந்தது.

“நீங்க அவரைப் பாத்திருக்கீங்க இல்ல? கொலைக்கு முன்னாடி. தினமும் கேன்டீனுக்கு வந்திருப்பாரு இல்ல?”

“காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை.”

“எனக்கு அவரைத் தெரிஞ்சவங்க யாருமே இல்ல. அந்த மில்லுல இருந்தவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க.” அவள் எதையோ கேட்க வெட்கப்படுகிறவள் போல மேஜை விளிம்பில் காய்ந்த பசையை நகத்தால் சுரண்டினாள். “அவரு குரல் எப்படி இருக்கும்? டிவியில நடிச்சவருக்குக் கனத்த குரல்.”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா” என்றாள் மாமியார் சட்டென்று. “கீச்சுக் குரல். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் குரல். மத்தவங்கல்லாம் கேலி பண்ணுவாங்க. அவரும் சேர்ந்து சிரிப்பாரு. என்னை ‘ஏய்’னு கூப்பிடாத ரெண்டு மூணு பேர்ல அவரும் ஒருத்தர். தங்கச்சிம்பாரு.”

பைண்டிங் அம்மாவின் முகத்தில் என்ன வந்ததென்று மருமகளால் சொல்ல முடியவில்லை. சிரிப்பென்றும் சொல்ல முடியாது.

“என் பையனுக்கு அப்படித்தான். முப்பது வயசாகுது. போன் பண்ணினா எதிர்ல இருக்கிறவங்க ‘சொல்லுங்கம்மா’ம்பாங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியாம இருந்தேன்.” குனிந்து தரையிலிருந்து ஒரு வெட்டுக் காகிதத்தை எடுத்து அதில் ஏதோ எழுதினாள். அப்புறம் நிமிராமலே சொன்னாள். “நீங்க இனிமே இங்க வராதீங்க. உங்களைப் பாக்க என்னால முடியாது. ஆனா அவரைப் பத்தி வேற ஏதாவது ஞாபகம் வந்தா போன் பண்ணிச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும்.”

நம்பரை மருமகள்தான் வாங்கிக்கொண்டாள்.

அந்த மாதமே எல்லாம் எழுதிக் கையெழுத்தானது. இந்த அளவு பார்வைக் குறை நாலு வருஷத்தில் வந்திருக்காது, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது மனுவைத் திருப்பி அனுப்பவில்லை, விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். செய்தியில் வந்தது. தையல்கடைக்காரம்மா இரண்டு வாரம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் கையிலிருக்கும் துணியைப் பார்த்துக்கொண்டு போனாள். மூன்றாவது வாரம் இஸ்திரிக்குச் சட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நின்று, “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். மகன் அம்மாவிடம் பழையபடி பேச ஆரம்பித்தான். அப்பாவின் போட்டோவைக் கடக்கும்போது மட்டும் அவன் நடை கொஞ்சம் வேகமாகும். அதை மருமகள் கவனித்தாள், சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரித் துணி மலையாகக் குவிந்திருந்தது. உருளை இஸ்திரி சூடாகி உறுமிக்கொண்டிருந்தது. விரிப்பை முனையோடு முனை சேர்க்க வந்த மாமியார் அப்படியே நின்றாள்.

“அம்மாடி, மிஷினை நிறுத்து. அந்த நம்பரைப் போடு.”

“என்ன அத்தை?”

“போடு, மறந்துடப்போறேன்.”

மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நம்பரைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி மாமியாரிடம் கொடுத்தாள். நாலைந்து தடவை மணி அடித்தபின் எடுத்தாள் பைண்டிங் அம்மா. யார் என்று கேட்கவில்லை. “சொல்லுங்க” என்றாள்.

“ஒரு நாள் காலையில மூக்குல கீறலோட டீ குடிக்க வந்தாரு. என்னண்ணே இதுன்னேன். ‘வீட்ல ஒரு குட்டி இருக்கு தங்கச்சி, நகம் வெட்ட விடமாட்டேங்குது, தூக்கினா மூக்கைத்தான் பிடிக்குது’ன்னாரு. அடுத்த வாரமும் கீறலோட வந்தாரு. அதைத் தடவித் தடவிக் காட்டினாரு, ஏதோ மெடல் வாங்கின மாதிரி.”

மறுபக்கம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று மருமகள் எட்டிப் பார்த்தாள். இல்லை, நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

“எந்தப் பக்கம்?”

“என்னம்மா?”

“மூக்குல. எந்தப் பக்கம்?”

மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். “இடது பக்கம். டம்ளரை நீட்டும்போது கிட்டத்துல பாத்தேன். அது எனக்கு நல்லாவே தெரிஞ்சுது.”

காகிதத்தில் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது.

“சரி” என்றாள் அவள். “வேற?”